விபத்து நடந்த தேதி

காப்புறுதி நிறுவனமொன்றின் இழப்பீட்டுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் பாரங்களில் எத்தனையோ வகை உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் மேற்பகுதியில் ஒரு கட்டம் தவறாமல் இருக்கும்: ‘விபத்து நடந்த தேதி’. அதை நிரப்பாமல் வரும் பாரத்தைக் கணினியில் ஏற்றக்கூட முடியாது. சென்ற தீபாவளிக்கு மறுநாள் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா, முறுக்குத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நெகிழிப் பைக்குள்ளிருந்து அப்படியொரு பாரத்தை எடுத்து நீட்டினார். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் அவருடைய அழகிய கையெழுத்தில் நிரம்பியிருந்தன. தேதிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. “இதில் என்னம்மா எழுதுவது?” என்று கேட்டார்.

சித்தப்பா கடலோர அனல்மின் நிலையம் ஒன்றில் குத்தகையாளரிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். முதலில் நிலக்கரி முற்றத்தில், பிறகு சாம்பல் அகற்றும் பிரிவில். இப்போது இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாற்பது வயது வரை சிகரெட் பிடித்தவர் என்பதால், நுரையீரலில் எந்தப் பங்கு புகையிலையுடையது, எந்தப் பங்கு தூசியுடையது என்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அவரிடம் இருந்ததோ தனிநபர் விபத்துக் காப்புறுதி. மூச்சுத் திணறல் விபத்து ஆகாது என்பதை நானே அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று மாலையே வீட்டில் அணுமின்சாரம் பற்றிய பேச்சும் எழுந்தது. 2025 ஜூலை 31-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட 13-ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தியும் ஒரு தெரிவாக இடம்பெற்றதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இந்த வாக்குவாதம் விட்டுவிட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது. “செர்னோபிலை மறந்துவிட்டார்களா?” என்று, 1986-இல் சோவியத் நாட்டில் வெடித்த அணு உலையைச் சொல்லி அண்ணன் கொதித்தார். சித்தப்பா ஒரு மூலையில் இருமிக்கொண்டிருந்தார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவ்விரண்டில் எனக்கு அதிக அச்சம் தருவது நிலக்கரிதான். ஆனால் அண்ணனின் அச்சத்தில் தள்ளிவிட முடியாத ஒரு பகுதி இருக்கிறது, அதையும் எழுதுகிறேன்.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி நிலக்கரியிலிருந்து வருகிறது. காப்பார், மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் ஆகிய நிலையங்கள் எல்லாமே கடலோரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. கரி முழுவதும் கலிமந்தான், ஆஸ்திரேலியா போன்ற இடங்களிலிருந்து கப்பலில்தான் வந்து சேர்கிறது. 1,000 மெகாவாட் திறனுள்ள ஓர் அலகு ஓராண்டில் சுமார் 30 லட்சம் டன் கரியை எரிக்கும். 150,000 டன் ஏற்றும் கப்பல் என்று வைத்துக்கொண்டால் இருபது கப்பல்கள். அதே திறனுள்ள அணு உலையிலிருந்து ஓராண்டில் வெளியேறும் பயன்படுத்திய எரிபொருள் இருபத்தைந்து முதல் முப்பது டன் வரைதான்; ஒன்றிரண்டு லாரிகளின் சுமை. ஆபத்தைப் பற்றிய பேச்சில் இந்த எடைக் கணக்கு ஏன் வருகிறது என்று கேட்கலாம். தோண்டுவது, ஏற்றுவது, கொட்டுவது, அரைப்பது, எரிப்பது, சாம்பலை அள்ளுவது என ஒவ்வொரு படியிலும் மனித உடல் ஒன்று அருகில் நிற்கிறது. எடை கூடக்கூட அந்த உடல்களும் கூடுகின்றன.

கரி முற்றத்தைப் பற்றிச் சித்தப்பா சொன்னவற்றில் ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. கரிக் குவியலுக்கு யாரும் தீ வைக்க வேண்டியதில்லையாம். தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கிவிடும். ஈரப்பதம் மிகுந்த மென்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து உள்ளுக்குள் வெப்பமடைகிறது; அந்த வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் பற்றிக்கொள்கிறது. அதனால் குவியலின் மேல் புல்டோசரை ஓட்டி, காற்றுப் புகாதபடி அழுத்திக்கொண்டே இருப்பார்கள். மழை விட்ட காலைகளில் குவியலின் எந்தப் பக்கத்திலிருந்து ஆவி எழுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. ஆவிக்கும் புகைக்கும் உள்ள வேறுபாட்டை மூக்கால் கண்டுபிடிப்பாராம். அந்த மூக்கின் வழியாக வேறு என்னவெல்லாம் உள்ளே போயின என்பதை அந்நாட்களில் யாரும் கேட்கவில்லை.

புகைபோக்கியில் சாம்பலைப் பிடித்து நிறுத்தும் கருவிகள் இருக்கின்றன. சாம்பல் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அவற்றில் சிக்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் கரும்புகை இப்போது இல்லாமல் போனதற்கு அதுவே காரணம். ஆனால் வாயுவாக வெளியேறும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் கலந்தபின், பல மணி நேரம் கழித்து, பல கிலோமீட்டர் தள்ளி, மிக நுண்ணிய துகள்களாக மாறுகின்றன. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று, இரத்தத்திலும் கலந்து, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மாரடைப்பால் இறந்தவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். மின்நிலையத்தின் பெயர் அதில் வராது.

புகைமூட்டம் என்றால் என்னவென்று கோலாலம்பூர்வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியபோது கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அது சுமத்ராவின் காட்டுத்தீயும் கரிமண் தீயும் அனுப்பிய புகை; நிலக்கரிப் புகை அன்று. இருந்தாலும் நம் உடல் துகளின் பிறப்பிடத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்வதில்லை. கண்ணை மறைக்கும் அளவுக்கு வந்தால் முகக்கவசம் தேடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆண்டு முழுவதும் வந்தால் துணியைக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகையில் ஐந்து நாட்களில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை 12,000 வரை கொண்டுசென்றன. அந்த ஐந்து நாட்களுக்குத் தேதி இருந்தது என்பதால்தான் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது என்பது என் எண்ணம்.

இனி எண்கள். மின்சாரத்தின் ஆபத்தை அளக்க, ஒரு டெராவாட் மணி மின்சாரத்துக்கு எத்தனை மரணங்கள் என்று கணக்கிடுவது வழக்கம். மாதம் 350 யூனிட் பயன்படுத்தும் வீடுகள் ஏறத்தாழ 238,000, ஓராண்டுக்குச் செலவழிக்கும் மின்சாரம் அது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, ஐரோப்பிய நிலைமைகளை வைத்து, அந்த அளவு மின்சாரத்தை நிலக்கரியால் உற்பத்தி செய்தால் சுமார் 25 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறப்பார்கள் என்று கணித்தது. அணுமின்சாரத்துக்கு, செர்னோபில் விபத்தையும் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்தையும் சேர்த்துப் பின்னர் கணக்கிடப்பட்ட எண், 0.03 என்ற அளவில் இருக்கிறது.

எண்களோடு பழகியவள் என்பதால் இந்த இடைவெளியைக் கண்டதும் எனக்கு ஐயமே முதலில் வந்தது. ஐரோப்பாவின் மக்கள்நெருக்கம் வேறு, காற்று வேறு, கரியும் வேறு. அந்த 25-ஐ அப்படியே தூக்கிக் கடலோரச் சிலாங்கூரில் வைப்பது முறையன்று. சரி, பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்வோம். அப்போதும் 2.5-க்கு எதிரே 0.03 நிற்கிறது, எண்பது மடங்குக்கும் மேல். மறுபக்கத்தையும் கூட்டிப் பார்ப்போம். செர்னோபிலால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மக்களிடையே இறுதியில் 4,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று 2005-இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் பிற அமைப்புகளும் சொன்னதை ஏற்காதவர்கள் உண்டு. அவர்களில் சிலர் 60,000 வரை சொல்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம். உலகில் இதுவரை உற்பத்தியான அணுமின்சாரம் ஏறத்தாழ ஒரு லட்சம் டெராவாட் மணி. வகுத்தால் 0.6 வருகிறது. நிலக்கரிக்குச் சலுகை காட்டி, அணுவுக்குக் கடுமை காட்டிய பிறகும் தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் மாற்றமில்லை. பத்தில் ஒன்றாகக் குறைத்த கணக்கின்படி பார்த்தாலும், ஆண்டுக்கு 7 டெராவாட் மணி தரும் ஒரே ஒரு நிலக்கரி அலகுக்குப் பதினேழு பேர். அந்தப் பதினேழு பேருக்கும் பெயர் கிடையாது.

சுரங்கத்தை இன்னும் தொடவே இல்லை. 1975 டிசம்பர் 27 அன்று இந்தியாவின் தன்பாத் அருகே சாஸ்நாலாச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2014-இல் துருக்கியின் சோமாவில் 301 பேர். வேல்ஸ் நாட்டின் அபர்ஃபானில் 1966-இல் மலைபோல் குவித்த சுரங்கக் கழிவு சரிந்து ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்ததில் 116 பிள்ளைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். நெய்வேலியில் 2020 ஜூலையில் கொதிகலன் வெடித்ததைத் தமிழ்ச் செய்திகளில் நாமும் பார்த்தோம். நமக்கும் ஒரு சுரங்கம் இருந்தது: ரவாங்கை அடுத்த பத்து ஆராங். பெயரிலேயே கரி இருக்கிறது; மலாயில் ‘ஆராங்’ என்றால் கரி. 1960-இல் மூடப்படும் வரை மலாயா ரயில்களுக்குக் கரி தந்த அந்த ஊரில் சீனரோடு தமிழரும் வேலை செய்தார்கள். 1937-இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் காலனி அரசைக் கலங்கடித்தது. செங்கல் புகைபோக்கி மட்டும் இன்றும் நிற்கிறது. இப்போது நாம் எரிக்கும் கரிக்கான சுரங்கங்கள் வேறு நாட்டில் இருப்பதால், அங்கே நேரும் மரணங்கள் நம் கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

அணு உலையின் ஆபத்து முற்றிலும் வேறு வகை. நிலக்கரிக் கொதிகலனில் கரி போடுவதை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடும். அணு உலையைப் பொத்தான் அழுத்தி நிறுத்தினாலும், பிளவுண்ட அணுக்கள் தொடர்ந்து சிதைந்துகொண்டிருப்பதால், முழு வெப்பத்தில் ஆறு ஏழு விழுக்காடு அப்போதும் எஞ்சியிருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையில் அது ஏறத்தாழ 200 மெகாவாட் வெப்பம். ஒரு நாள் கழிந்தால் 15 மெகாவாட்டாகக் குறையும்; ஆனால் அந்த முதல் மணி நேரங்களில் தண்ணீர் ஓடாவிட்டால் எரிபொருள் உருகிவிடும். அடுப்பை அணைத்த பிறகும் தானே கொதித்துக்கொண்டிருக்கும் பானை அது.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறைப்படி நின்றன. ஒரு மணி நேரத்துக்குள் 14 மீட்டருக்கும் உயர்ந்த அலை வந்தது. நிலையம் திட்டமிடப்பட்டதோ 5.7 மீட்டர் அலைக்கு. அவசர டீசல் இயந்திரங்களை அடித்தளத்தில் வைத்திருந்தார்கள். அவை மூழ்கின, தண்ணீர் ஓடவில்லை, மூன்று உலைகளும் உருகின. நிலநடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா அணுமின் நிலையமோ ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்ததால் தப்பியது. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த அணுமின் நிலையத்துக்குள்ளேயே தங்கியிருந்தார்கள். என் தோழியரிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ மலேசியர்கள் பினாங்கின் நாளாக நினைவில் வைத்திருக்கிறோம்; நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் அங்கேதான். அதே அலை தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் சென்றது. கடல்நீர் பம்ப் நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உயிரிழப்பு நேர்ந்தது ஊழியர் குடியிருப்பில்.

ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் இறந்தவர் என்று ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது ஒரு தொழிலாளரை மட்டுமே, அதுவும் 2018-இல். ஆனால் அந்த மாநிலத்தில் இடம்பெயர்வின் அலைச்சலாலும் மருத்துவம் தடைப்பட்டதாலும் 2,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். இதை அணுவின் கணக்கில் எழுத வேண்டுமா, அச்சத்தின் கணக்கில் எழுத வேண்டுமா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நான் அணுவின் கணக்கிலேயே எழுதுவேன். அணு உலை இல்லாவிட்டால் அந்த முதியவர்களை நள்ளிரவில் பேருந்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

செர்னோபிலைப் பற்றி அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: அந்த உலையைச் சுற்றி, கசிவைத் தடுக்கும் உறுதியான கான்கிரீட் கவசம் இல்லை, குறைந்த ஆற்றலில் ஓடும்போது கட்டுமீறும் குணம் அதன் வடிவமைப்பிலேயே இருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது பால். எட்டு நாளில் பாதியாகக் குறையும் கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் வழியே பாலில் கலந்து, பிள்ளைகளின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் சேர்ந்தது. பின்னர் ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. சிகிச்சையால் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். பக்கத்து நாடான போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது. சோவியத் அரசோ வாய் திறக்கவே நாள் கடத்தியது. பாலைக் குடிக்காதீர்கள் என்ற ஒரு சொல் உரிய நாளில் வந்திருந்தால் அந்த நோயில் பெரும்பகுதி வந்திருக்காது.

அண்ணனின் அச்சத்தை நான் தள்ளிவிட முடியாத இடம் இதுவே. நமக்கும் ஒரு புக்கிட் மேரா உண்டு. ஈப்போவுக்கு அருகில் 1982 முதல் இயங்கிய அந்த அரிய மண் ஆலை அணு உலை அன்று. வெள்ளீயம் பிரித்தபின் எஞ்சும் மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தைப் பதப்படுத்திய ஆலை. கழிவில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருந்தது. அதை எங்கே, எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை ஊரார் அறிந்துகொண்டது போராட்டத்தின் வழியாகத்தான். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஊராருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே உச்சநீதிமன்றம் அதைப் புரட்டியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. உலையின் இயற்பியலை எனக்கு எவ்வளவு விளக்கினாலும், அளவீட்டுக் கருவி காட்டும் எண்ணை வேலிக்கு வெளியே நிற்பவருக்கும் காட்டுவீர்களா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

பல்கலைக்கழக நாட்களில் பாங்கியிலுள்ள ஆராய்ச்சி உலையைப் பார்க்க ஒருமுறை அழைத்துச் சென்றார்கள். 1982 முதல் இயங்கும், ஒரு மெகாவாட் மட்டுமே உள்ள, மின்சாரம் தயாரிக்காத சிறிய உலை. சட்டைப் பையில் பேனா போன்ற ஒரு கதிர்வீச்சு அளவியைச் செருகிக்கொண்டு மேலிருந்து எட்டிப் பார்த்தோம். பல மீட்டர் ஆழத் தெளிந்த நீரின் அடியில் நீல ஒளி. தீபாவளி மத்தாப்பின் நீலமன்று, அசையாத நீலம். வெளியே வந்ததும் அளவியை வாங்கிப் பார்த்து ஏட்டில் குறித்துக்கொண்டார்கள். சித்தப்பாவின் சட்டைப் பையில் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் எந்த அளவியும் இருந்ததில்லை. இத்தனைக்கும் நிலக்கரிச் சாம்பலிலும் யுரேனியமும் தோரியமும் உண்டு. மின்னுற்பத்தியால் உலக மக்களுக்குச் சேரும் கதிர்வீச்சில் பாதிக்கும் மேல் நிலக்கரியிலிருந்தும், ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக அணுமின்சாரத்திலிருந்தும் வருவதாக ஐ.நா.வின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு 2016-இல் அறிக்கையிட்டது. இரண்டுமே மிகச் சிறிய அளவுகள்தாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலக்கரியில் கொல்வது கதிர்வீச்சன்று, துகள்.

என் தொழிலிலிருந்து ஒன்று. உங்கள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படித்துப் பாருங்கள். அணுக்கதிர்வீச்சால் ஏற்படும் இழப்புக்கு ஈடு கிடையாது என்று அநேகமாக எழுதியிருக்கும். வாய்ப்பு குறைவானாலும் நேர்ந்தால் தாங்க முடியாத தொகை என்பதுதான் காரணம். ஃபுகுஷிமாவுக்காக வழங்கப்பட்ட இழப்பீடு 10 டிரில்லியன் யென்னைத் தாண்டிவிட்டது. அங்கே மக்களை வெளியேற்றிய 20 கிலோமீட்டர் வட்டத்தைக் காப்பாரைச் சுற்றி வரைந்தால் கிள்ளான் நகரமும் துறைமுகமும் உள்ளே வந்துவிடும். உயிர்க்கணக்கில் வெல்லும் அணுமின்சாரம் நிலக்கணக்கில் தோற்கும் இடம் இது. உலையை எங்கே வைப்பது என்ற கேள்வியை நான் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நிலக்கரிக்கான விலக்கு வேறொரு பத்திரத்தில் இருக்கிறது. ஆலைகள் எடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியில் தூய்மைக்கேட்டுக்குப் பொதுவாக ஈடு கிடையாது. திடீரென்று, எதிர்பாராமல், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் முழுவதுமாக நிகழ்ந்திருந்தால் மட்டும் உண்டு. இந்த வாசகத்தை நான் நூறு கடிதங்களிலாவது தட்டச்சு செய்திருப்பேன். சிறிதுசிறிதாக நேர்வது எதுவும் எங்கள் மொழியில் நிகழ்வே ஆகாது.

நிலக்கரி நிலையங்களை 2044-க்குள் மூடிவிடுவது அரசின் திட்டம். அந்த இடத்தைச் சூரியஒளியே நிரப்பிவிடுமானால் எனக்கு மகிழ்ச்சிதான். உயிர்க்கணக்கில் அதுவும் அணுவும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றன. இரவுக்கும் மழைநாளுக்கும் வேறொன்று வேண்டுமென்றால், இன்னும் இருபது ஆண்டு கரி எரிப்பதைவிட, அளவீடுகளை அன்றாடம் ஊரறிய வெளியிடும் ஓர் அணுமின் நிலையத்துக்கு நான் சம்மதிப்பேன். இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பாரத்தை நான்காக மடித்து மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அப்படியென்றால் அங்கே சாம்பலே இருக்காதா?” என்று கேட்டார்.

இருக்காது என்றேன்.

“பிறகு எங்கள் ஆட்களுக்கு என்ன வேலை தருவார்களாம்?” என்றார் சித்தப்பா.